எண்ணியவரும் வகுத்தவர்களும்

2014 ஜூலை 8ஆம் தேதி, பெலோ ஹொரிசோன்டே நகரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளில் கோல் வரியை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு படித்தால், யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாது. கோலை நோக்கி அதிகம் அடித்த அணி பிரேசில். கார்னர் அதிகம் பெற்ற அணியும் பிரேசில்தான். கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் எனக்கு ரெக்ரஷன் பாடத்தை இந்தத் தாளிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. பாடப்புத்தகத்தில் ‘தொடர்புப் போக்கு’ என்று இருக்கும். வகுப்பில் எல்லோரும் ரெக்ரஷன் என்றே சொல்வோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். கோல் வரி இல்லாத தாளைக் கொடுத்து “எந்த அணி ஜெயித்திருக்கும்?” என்று கேட்டால், தயங்கித் தயங்கி பிரேசில் பக்கம்தான் கைகள் உயரும். விடையைச் சொன்னதும் அடுத்த கேள்வி மாணவர்களிடமிருந்தே வந்துவிடும்: “அப்படின்னா சார், இதுல எந்த நம்பரைத்தான் நம்பறது?”

ஆட்டத்தில் எதை எண்ணினால் அது வெற்றியோடு சேர்ந்து நடக்கிறது என்ற கேள்விக்கு வயது எழுபதுக்கு மேல். அதற்கு விடை தேடியவர்களில் கணக்கர் உண்டு, காப்பீட்டுக் கணிதர் உண்டு, பல்கலைக்கழக ஆசிரியர் உண்டு, பந்தயத்தில் பணம் போட்டவரும் உண்டு. எண்களை எப்படி மதிக்க வேண்டும் என்று எனக்கு இதைவிட நன்றாகக் கற்றுக்கொடுத்த வரலாறு வேறில்லை. தமிழில் இதை யாரும் விரிவாக எழுதி நான் படித்ததில்லை என்பதும் இதை எழுதக் காரணம்.

கருவி கால்பந்துக்கு முன்பே தயாராக இருந்தது. சிதறிக் கிடக்கும் புள்ளிகளின் ஊடே மிகப் பொருத்தமான கோட்டை வரையும் மீச்சிறு வர்க்க முறையை 1805இல் பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் வெளியிட்டார். வால்வெள்ளிகளின் பாதையைக் கணக்கிட அது தேவைப்பட்டது. 1886இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு எழுதினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகளும் சராசரியைவிட உயரமாகவே இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. குள்ளமானவர்களின் பிள்ளைகளோ சற்று மேலே வந்தார்கள். சராசரியை நோக்கிய இந்தத் திரும்புதலைக் கால்பந்தில் பிறகு பார்ப்போம்.

1899இல் உட்னி யூல் இங்கிலாந்தின் ஏழைகள் நிவாரணக் கணக்குகளை எடுத்துக்கொண்டு, ஒரே சமயத்தில் பல காரணிகளை வைத்து ரெக்ரஷன் போட்டார். சமூகப் பிரச்சினை ஒன்றில் இந்த முறை இறங்கிய முதல் முயற்சிகளில் அது ஒன்று. அந்தக் கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. இதனால் இது விளைந்தது என்று தான் எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம், இதோடு இது தொடர்புபட்டிருக்கிறது என்றே கறாராகப் படித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். இந்த அடிக்குறிப்பைக் கால்பந்துக்காரர்கள் ஆரம்பத்திலேயே படித்திருந்தால் இங்கிலாந்தின் ஆட்டமே வேறு மாதிரி போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர்களில் முதலாமவர் சார்ல்ஸ் ரீப். 1904இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்குப் பிரிவில் பணியாற்றி விங் கமாண்டர் பதவி வரை உயர்ந்தவர். 1933இல் ஆர்சனல் ஆட்டக்காரர் சார்லி ஜோன்ஸ், தங்கள் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் விங் ஆட்டத்தை எப்படித் திட்டமிடுகிறார் என்று ஆற்றிய உரை ரீப்பின் மனதில் தங்கிவிட்டது. பந்து எவ்வளவு விரைவாக எதிரணியின் கோல் பக்கம் போய்ச் சேர்கிறது என்பதே அவருடைய கவலையாயிற்று. 1950 மார்ச் 18ஆம் தேதி ஸ்விண்டன் மைதானத்தில் பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு எதிரான ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாதியில் ஸ்விண்டன் தாக்கித் தாக்கி ஒன்றும் நடக்கவில்லை. இடைவேளை முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்து, ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்கத் தொடங்கினார். பிறகு நிறுத்தவே இல்லை. அவர் குறித்த ஆட்டங்கள் 2,000க்கு மேல்.

அவர் என்ன குறித்தார் என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாஸும் மைதானத்தின் எந்தப் பகுதியில் கிளம்பியது, எங்கே முடிந்தது, தரையோடு போனதா உயரே போனதா, நீளம் எவ்வளவு, கடைசியில் யார் காலில் விழுந்தது என எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு வைத்திருந்தார். தொலைக்காட்சி மறு ஒளிபரப்பு இல்லாத காலம். பந்து காலிலிருந்து காலுக்குப் போகும் வேகத்தில் கை எழுத வேண்டும். ஒளிவிளக்கு மங்கலான மைதானங்களில் சுரங்கத் தொழிலாளியின் விளக்குத் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு எழுதினார் என்பார்கள். இன்று ஓர் ஆட்டத்தின் பாஸ்களைப் பதிய ஒரு நிறுவனம் பயிற்சி பெற்ற பல பேரையும் கேமராக்களையும் வைத்துக்கொள்கிறது. ரீப் அதைத் தனியாளாக, சம்பளம் எதிர்பார்க்காமல் ஆரம்பித்தார். அவருடைய முடிவுகளை நான் ஏற்பதில்லை. அந்த உழைப்புக்கு முன்னால் எழுந்து நிற்பேன்.

கிளப்புகளும் அவரைத் தேடின. 1951இல் இரண்டாம் டிவிஷனிலிருந்து கீழே விழும் நிலையில் இருந்த பிரென்ட்ஃபோர்டு அவருடைய ஆலோசனையை ஏற்று, தப்பிப் பிழைத்தது. பிறகு ஸ்டேன் கல்லிஸின் வுல்வ்ஸ் அணியோடு அவர் சேர்ந்து வேலை செய்தார். அந்த அணி 1950களில் மூன்று முறை இங்கிலாந்து சாம்பியன் ஆயிற்று. 1955இல் விமானப்படையை விட்டு வந்து ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப்பில் வேலைக்கே சேர்ந்துவிட்டார். அடுத்த வருடமே அந்த அணி முதல் டிவிஷனுக்கு ஏறியது. எண்ணுவதால் ஜெயிக்கலாம் என்று நம்ப அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

1968இல் ராயல் புள்ளியியல் கழகத்தின் இதழில் ரீப்பும் பெர்னார்டு பெஞ்சமினும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. பெஞ்சமின் பெரிய காப்பீட்டுக் கணிதர், பின்னாளில் அந்தக் கழகத்தின் தலைவராகவே இருந்தவர். 1953 முதல் 1967 வரை குறித்த 578 ஆட்டங்களின் கணக்கு அதில் இருந்தது. ஒரு பாஸ் போனதும் அடுத்த பாஸ் போகுமா அறுபடுமா என்பது ஏறக்குறைய ஒரு நிகழ்தகவு விதிப்படியே நடக்கிறது என்று காட்டினார்கள். சுமார் பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் விழுகிறது என்றார்கள். இன்றைய ஆட்டங்களில் எண்ணினாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வரும். இவை திடமான கண்டுபிடிப்புகள், இன்றும் நிற்கின்றன.

சிக்கல் இன்னொரு எண்ணில் வந்தது. கோல்களில் ஏறக்குறைய 80 சதவீதம், மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களில் முடிந்த நகர்வுகளிலிருந்து வந்தவை. இதைப் படித்தவர்கள் பாஸ்களைக் குறைத்துப் பந்தை நேராக முன்னே அடிப்பதே வழி என்ற முடிவுக்கு வந்தார்கள். ரீப்பும் அதையே போதித்தார்.

இந்த இடத்தில் வகுப்பில் சாக்பீஸை ஒரு மாணவர் கையில் கொடுத்துவிடுவேன். அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: எல்லா நகர்வுகளிலும் ஏறக்குறைய 91.5 சதவீதம் மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகின்றன. வசதிக்காக 1,000 நகர்வுகள், 10 கோல் என்று வைத்துக்கொள்வோம். குறுகிய நகர்வுகள் 915, அவற்றில் விழுந்த கோல் 8. நீண்ட நகர்வுகள் 85, அவற்றில் விழுந்த கோல் 2. இனி வகுக்க வேண்டியதுதான். குறுகிய வகையில் 114 முயற்சிக்கு ஒரு கோல், நீண்ட வகையில் 43 முயற்சிக்கு ஒரு கோல். பாஸ் அதிகமானால் பலன் குறைகிறது என்று சொன்ன அதே எண்கள், வகுத்ததும் நீண்ட நகர்வுக்குப் பலன் இரண்டரை மடங்குக்கும் மேல் என்று சொல்கின்றன. இதற்குக் கணினியும் வேண்டாம், உயர்கணிதமும் வேண்டாம். எட்டாம் வகுப்பு வகுத்தல் போதும். ஒரு நாட்டின் பயிற்சி முறையையே பாதித்த முடிவில் இந்த வகுத்தலைப் பல வருடங்கள் யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் பயிற்சி இயக்குநராக இருந்த சார்ல்ஸ் ஹ்யூஸ் 1990இல் எழுதிய புத்தகத்துக்கு ‘வெற்றிச் சூத்திரம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். 109 ஆட்டங்களில் விழுந்த 202 கோல்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் 87 சதவீதம் ஐந்து பாஸுக்குள் வந்தவை என்று காட்டினார். ரீப் வேறு, அவர் வேறு. இருவருக்கும் ஒத்துப்போகவும் இல்லை. ஆனால் தவறு ஒன்றுதான்: விழுந்த கோல்களை மட்டும் அடுக்கிப் பார்த்தார்கள், விழாமல் போனவற்றைப் பக்கத்தில் வைக்கவில்லை. அடுத்து நடந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீண்ட பந்தை நம்பிய கிரஹாம் டெய்லரின் இங்கிலாந்து 1994 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. அதே குழுவில் முதலிடம் பிடித்துத் தகுதி பெற்றது நார்வே. அதன் பயிற்சியாளர் எகில் ஓல்சனும் நேரடி ஆட்டத்தின் பக்தர், ரீப்பை மதித்தவர். அவருடைய நார்வே 1998 உலகக் கோப்பையில் பிரேசிலையே 2-1 என்று வென்றது. ஒரே தத்துவம், இரு அணிகள், இருவேறு முடிவுகள். ஓர் அணியின் கதையை வைத்து எந்தத் தத்துவத்தையும் நிரூபிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

வகுத்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. நீண்ட நகர்வுகள் யாரிடம் அதிகம் இருக்கும்? நல்ல அணியிடம். யாருக்கு எதிராக? சோர்ந்த, பலவீனமான அணிக்கு எதிராக. அப்படியானால் அந்த இரண்டரை மடங்கில் பாஸின் பங்கு எவ்வளவு, அணியின் தரத்தின் பங்கு எவ்வளவு? இந்த இடத்தில்தான் ரெக்ரஷன் தேவைப்படுகிறது. அணியின் தரம், சொந்த மைதானம், அப்போதைய கோல் நிலவரம் ஆகியவற்றை ஒரே அளவில் நிறுத்திவைத்து, பாஸ் எண்ணிக்கை மட்டும் மாறினால் என்ன ஆகும் என்று கேட்பதற்கான வழி அது. 2005இல் மைக் ஹ்யூஸும் இயான் ஃபிராங்க்ஸும் 1990, 1994 உலகக் கோப்பைகளை எடுத்து இந்தக் கேள்வியில் ஒரு படி முன்னேறினார்கள். வெறும் எண்ணிக்கையில் ரீப் சொன்னதே அவர்களுக்கும் வந்தது. நகர்வுகளின் எண்ணிக்கையால் வகுத்ததும் நீண்ட நகர்வுகள் அதிக ஷாட்களைத் தந்தன. அதோடு, ஷாட் கோலாக மாறும் விகிதம் நேரடி ஆட்டத்தில் மேலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். எதிரணி சிதறிக் கிடக்கும்போது அடித்த ஷாட் என்பதால் அப்படி இருக்கலாம். முழுக்கச் சரி, முழுக்கத் தவறு என்று எந்தப் பக்கமும் முடியவில்லை.

இந்த ஓடைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பாஸை யாரும் பார்க்கவில்லை, கோல்களை மட்டும் பார்த்தார்கள். 1951இல் மொரோனி எழுதிய பிரபலமான புள்ளியியல் அறிமுக நூலில், ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்பது பாய்சான் பரவலோடு ஏறக்குறைய பொருந்துகிறது என்ற உதாரணம் உண்டு. அரிதாக, ஒன்றையொன்று சாராமல் நடக்கும் நிகழ்வுகளுக்கான பரவல் அது. கால்பந்து முழுக்க அதிர்ஷ்டமோ என்ற சந்தேகத்தை இது கிளப்பியது. 1974இல் ஹில் என்பவர் எளிய பதில் ஒன்று தந்தார். 1971-72 சீசன் தொடங்குமுன் விமர்சகர்கள் கணித்த வரிசையையும், சீசன் முடிந்தபோது வந்த வரிசையையும் பக்கம் பக்கமாக வைத்தார். இரண்டுக்கும் ஒட்டுறவு தெளிவாக இருந்தது. ஓர் ஆட்டத்தில் அதிர்ஷ்டம் ஆடலாம், ஒரு சீசன் முழுக்கத் திறமை தலைகாட்டாமல் போகாது.

1982இல் மைக்கேல் மாஹர் அதிர்ஷ்டம், திறமை இரண்டையும் ஒரே மாடலுக்குள் கொண்டுவந்தார். ஒவ்வொரு அணிக்கும் தாக்கும் பலம் ஓர் எண், தடுக்கும் பலம் ஓர் எண், இவற்றோடு சொந்த மைதானச் சாதகம். இந்த அணி தாக்க, அந்த அணி தடுக்க, எதிர்பார்க்கக்கூடிய சராசரி கோல் எவ்வளவு என்பது இவற்றின் பெருக்கலில் வந்துவிடும். அந்தச் சராசரியைச் சுற்றி பாய்சான். இன்று மாணவர்கள் இதைப் பாய்சான் ரெக்ரஷன் என்று கணினியில் ஒரு வரியில் போட்டுவிடுகிறார்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் மார்க் டிக்சனும் ஸ்டுவர்ட் கோல்ஸும் 1997இல் இதில் இரண்டு திருத்தங்கள் செய்தார்கள். 0-0, 1-1 போன்ற சிறு முடிவுகள் மாடல் சொல்வதுபோல் வருவதில்லை என்று அவற்றுக்குத் தனித் திருத்தம் கொடுத்தார்கள். சென்ற வாரத்து ஆட்டத்துக்குப் போன வருடத்து ஆட்டத்தைவிட அதிக எடை கொடுத்தார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே பந்தயச் சந்தையின் குறைகள் என்று இருந்தது. அந்தக் காலத்தில் இந்த அறிவுக்குக் காசு கொடுக்கத் தயாராக இருந்தவர்களில் முதன்மையானவர்கள் பந்தயக்காரர்களே. பயிற்சியாளர்களின் மேசைக்கு வர வேண்டிய கணக்கு முதலில் சூதாட்டத்துக்குப் போனதை நான் நல்லதாகப் பார்க்கவில்லை. ஆனால் பிற்பாடு அதுவே மைதானத்துக்குத் திரும்பி வந்தது.

1996இல் ஆப்டா நிறுவனம் இங்கிலீஷ் பிரீமியர் லீக்கை எண்ணத் தொடங்கியது. ரீப் தனியாகச் செய்ததை இனி ஓர் அலுவலகம் செய்யும். அணிவாரியாகத் தாக்கிள், கிராஸ், பாஸ், ஷாட் என்று பத்தி பத்தியாகத் தரவு குவிந்தது. ஆட்டச் செயல்களை ஒரு பக்கம், லீக்கில் எடுத்த பாயிண்டுகளை மறுபக்கம் வைத்து ரெக்ரஷன் போடும் காலம் வந்தது. அந்த வகையில் பலரும் மேற்கோள் காட்டுவது 2009இல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஜோயல் ஓபர்ஸ்டோன் வெளியிட்ட ஆய்வு. 2007-08 சீசனின் 20 அணிகள், 24 வகை ஆட்டச் செயல்கள். அவற்றை வடிகட்டி ஆறு மாறிகள் கொண்ட சமன்பாடு ஒன்றுக்கு வந்தார். அது பாயிண்டுகளை ஏறக்குறைய முழுமையாகவே விளக்கியது.

மாணவர்களை இந்த ஆய்வைப் படிக்கச் சொல்வேன், மெதுவாகப் படிக்கச் சொல்வேன். அட்டவணையில் 20 வரிசைதான். வரிசைகள் இருபது என்றால், ஒன்றையொன்று சாராத பத்தொன்பது பத்திகளில் குருட்டாம்போக்கில் எண்களை நிரப்பினாலும் சமன்பாடு இருபது அணிகளின் பாயிண்டையும் பிசகாமல் சொல்லிவிடும். அது கணிதத்தின் கட்டாயம், கால்பந்தைப் பற்றிய செய்தி எதுவும் அதில் இல்லை. 24 பத்திகளிலிருந்து ஆறைப் பொறுக்கும்போது இந்த ஆபத்து முழுக்கப் போய்விடாது. அந்தச் சமன்பாட்டை 2008-09 சீசனுக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும். இன்னொன்று, அந்த ஆறில் ஆட்டத்துக்குச் சராசரியாக வாங்கிய கோலும் ஒன்று. கோல் வாங்காத அணி பாயிண்டு எடுக்கும் என்று சொல்ல ரெக்ரஷன் வேண்டியதில்லை. விடையின் ஒரு துண்டைக் கேள்வியிலேயே வைத்துவிட்டால், சமன்பாடு எவ்வளவு விளக்குகிறது என்று சொல்லும் ஆர்-ஸ்கொயர் உயரத்தான் செய்யும். ஆனாலும் அந்த ஆய்வுக்கு ஒரு பெருமை உண்டு. எதை எண்ணினோம், எப்படிப் பொறுக்கினோம் என்பதை மறைக்காமல் எழுதியதால்தான் நாம் இன்று உட்கார்ந்து குறை கண்டுபிடிக்க முடிகிறது.

கிராஸ் என்ற ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். கிராஸ் அதிகம் போடும் அணிகள் தோற்கின்றன என்று பல ரெக்ரஷன்களில் எதிர்மறைக் கெழு வரும். உடனே ‘கிராஸ் போடாதே’ என்று பயிற்சியாளரிடம் ஓடக் கூடாது. 2014 பிப்ரவரி 9ஆம் தேதி ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட், பட்டியலில் கடைசியில் இருந்த ஃபுல்ஹாமுடன் ஆடியது. யுனைடெட் போட்ட கிராஸ்கள் 80க்கு மேல். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. கிராஸ் போட்டதால் ஜெயிக்கவில்லை என்று அன்று எல்லோரும் எழுதினார்கள். நிமிடங்களைப் பாருங்கள். 19ஆம் நிமிடத்தில் ஃபுல்ஹாம் கோல் போட்டது. 78ஆம் நிமிடம் வரை யுனைடெட் பின்தங்கியே இருந்தது. முன்னிலை கிடைத்த அணி தன் கோல் முன் கூட்டமாக நின்றுவிட்டது. நடுவில் இடமில்லாததால் பக்கவாட்டிலிருந்து தூக்கிப் போடுவதுதான் யுனைடெடுக்குக் கண்ணில் பட்ட வழி. பின்தங்கியதால் கிராஸ் பெருகியதா, கிராஸ் பெருகியதால் பின்தங்கியதா என்பதை ஆட்ட மொத்தத்தை மட்டும் கொண்ட அட்டவணை சொல்லாது. எந்த நிமிடத்தில், எந்தக் கோல் நிலவரத்தில் என்று பிரித்துப் போட்டால்தான் சொல்லும். பந்து யாரிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்ற கணக்கிலும் இதே கோளாறு உண்டு. 2015-16இல் 81 பாயிண்டுடன் சாம்பியன் ஆன லெஸ்டர் சிட்டியிடம் பந்து இருந்த நேரம் சராசரியாக 45 சதவீதத்துக்கும் குறைவு.

முன்னேற்றம் வந்தது விளைவை மாற்றியதால். ஓர் ஆட்டத்தில் கோல் இரண்டோ மூன்றோதான். அவ்வளவு அரிதான ஒன்றை விளக்கப் போனால் சமன்பாடு தடுமாறும். ஷாட்கள் இருபதுக்கு மேல். ஆகவே ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு வரிசையாக எழுதி, கோலானால் 1, இல்லையென்றால் 0 என்று போட்டு, லாஜிஸ்டிக் ரெக்ரஷன் செய்தால் அந்த ஷாட் கோலாகும் நிகழ்தகவு கிடைக்கும். 1997இல் ரிச்சர்டு பொலார்டு இப்படி ஒரு கட்டுரை வெளியிட்டார், 1986 உலகக் கோப்பை ஆட்டங்களை வைத்து. கூட்டாசிரியர் யார் தெரியுமா? 90 வயதைக் கடந்துவிட்ட சார்ல்ஸ் ரீப். அவருடைய வரிகளையும் குறிகளையும் கொண்டே, அவர் தாவிச் சென்ற வகுத்தலை அவர் இருக்கும்போதே புதிய முறை செய்துகாட்டியது. இந்தத் தகவலைப் படித்த அன்று எனக்கு ரீப் மீது இருந்த கோபம் போய்விட்டது. 2002இல் அவர் காலமானார்.

பொலார்டும் சகாக்களும் 2004இல் தூரம், கோணம், எதிராளி எவ்வளவு அருகில் நிற்கிறார் என்ற மூன்றையும் மாறிகளாக வைத்தார்கள். 2012இல் ஆப்டாவின் சாம் கிரீன் இதே கருத்தை எக்ஸ்பெக்டட் கோல்ஸ் என்ற பெயரில் பிரபலமாக்கினார். பெனால்டிக்கு ஏறக்குறைய 0.77, பெட்டிக்கு வெளியே இருந்து அடிக்கும் சராசரி ஷாட்டுக்கு 0.03 அளவில். கூட்டினால் அந்த அணி எத்தனை கோலுக்கான ஆட்டம் ஆடியது என்று தெரியும். 2017 ஆகஸ்டில் பிபிசியின் புகழ்பெற்ற சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியிலேயே இந்த எண் திரையில் வந்துவிட்டது.

கால்டனின் சராசரிக்குத் திரும்புதல் இங்கேதான் நுழைகிறது. 2014-15 ஜெர்மன் லீக்கில் குளிர்கால இடைவேளையின்போது பொருசியா டோர்ட்மண்ட் 17ஆம் இடத்தில் கிடந்தது. அதன் மேனேஜர் யூர்கன் குளோப் தீர்ந்துபோனார் என்ற பேச்சு. ஷாட் கணக்கைப் பார்த்தவர்கள் வேறு சொன்னார்கள்: ஆட்டம் நன்றாகவே இருக்கிறது, கோல்கள்தான் துரதிர்ஷ்டமாகப் போயிருக்கின்றன. சீசன் முடிவில் அணி 7ஆம் இடம். லிவர்பூலில் இயற்பியல் முனைவர் இயான் கிரஹாம் நடத்திய ஆய்வுப் பிரிவின் மாடலும் அப்படியே சொன்னது. 2015 அக்டோபரில் குளோப் லிவர்பூலுக்கு வந்தார். 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் பிரீமியர் லீக். வரிசையாகத் தோற்றதும் மேனேஜரை நீக்கும் கிளப்புகளுக்கும் இதில் பாடம் உண்டு. 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக்கை ஆராய்ந்த பாஸ் டெர் வீல், நீக்கிய அணிகளையும், அதே சரிவில் நீக்காமல் விட்ட அணிகளையும் ஒப்பிட்டார். நீக்கிய அணிகளுக்கு முன்னேற்றம் வந்தது. நீக்காத அணிகளுக்கும் அதேபோல் வந்தது.

சூதாட்டத்துக்குப் போன கணக்கு திரும்பி வந்தது என்றேனே, அது மேத்யூ பென்ஹாமால். பந்தயக் கணிப்பு நிறுவனம் நடத்திய அவர் பிரென்ட்ஃபோர்டை வாங்கினார். 2014இல் டென்மார்க்கின் மிட்யுலான்ட் கிளப்பின் பெரும்பங்கையும் வாங்கினார். அடுத்த சீசனே மிட்யுலான்ட் வரலாற்றில் முதல் முறையாகச் சாம்பியன். 2021இல் பிரென்ட்ஃபோர்டு பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 1947க்குப் பிறகு அந்தக் கிளப் முதல் டிவிஷனில் கால் வைத்தது அப்போதுதான். எழுபது வருடம் முன்பு விங் கமாண்டர் ஒருவரின் நோட்டை நம்பிய அதே கிளப்.

புள்ளியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஸ்டாட்ஸ்பாம் நிறுவனம் ஆண்கள், பெண்கள் உலகக் கோப்பைகள் சிலவற்றின் முழு நிகழ்வுத் தரவையும் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. 2018 உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களும் அதில் உண்டு. ப்ராஜெக்டுக்கு விளம்பரச் செலவையும் விற்பனையையும் எடுக்காதீர்கள், இதை எடுங்கள். ஆட்ட மொத்தத்தை அல்ல, ஒவ்வொரு நகர்வையும் ஒரு வரிசையாக எழுதுங்கள். கோல் நிலவரத்துக்கு ஒரு பத்தி கட்டாயம் வையுங்கள். சமன்பாட்டை 2018க்கு எழுதி, 2022 உலகக் கோப்பையில் சோதியுங்கள். இரண்டாவது தரவிலும் நிற்கும் கெழுவை மட்டும் அறிக்கையில் எழுதுங்கள், மற்றவற்றை அடித்துவிடுங்கள்.